ஒரு கண்ணுக்கு மூன்று விபத்து

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் டாக்டர்களிடம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கூப்பிட்டார்கள். எதைப் பற்றி என்று கேட்டேன். புற்றுநோயில் குடும்ப வரலாறு எடுப்பது எப்படி என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வேலையை நான் எவ்வளவு கேவலமாகச் செய்தேன் என்று தெரிந்திருந்தால் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். வாயால் சொன்னால் எனக்கு வேண்டாத பாதியை முழுங்கிவிடுவேன் என்பதால் எழுதியே கொண்டுவந்திருக்கிறேன்.

உங்கள் படிவத்தைப் பார்த்தேன். பளபளவென்று இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில், குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்று ஒரு கட்டம். போன வாரம் உங்கள் வெளிநோயாளி அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். நோயாளி வாயைத் திறப்பதற்குள் ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறீர்கள். வெட்கப்பட வேண்டாம், நான் உங்களைவிட வேகம். உங்களுக்காவது, ரத்தத்தை ஒரு குழாயில் அனுப்பினால் மரபணுவில் எந்த இடத்தில் பிழை என்று அச்சடித்து வந்துவிடும் என்ற தைரியம் இருக்கிறது. எங்களிடம் இருந்தது நோயாளி வரும்போதெல்லாம் புதிதாக எழுதும் ஒரு அட்டையும் பேனாவும் டாக்டருக்குப் படித்துவிட்ட திமிரும்தான்.

எழுபதுகளின் கடைசியில் ஏற்காட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். எஸ்டேட் தொழிலாளர்களும் சுற்றுக் கிராமத்து மலை விவசாயிகளும் வருவார்கள். புற்றுநோய்க்கு அன்று என்னிடம் ஒரே ஒரு பிரசங்கம் இருந்தது. புகையிலையை விடு, பீடியை விடு. கன்னத்தில் ஆறாத புண்ணோடு வருகிறவர்களிடம் அதை மனப்பாடமாக ஒப்பிப்பேன். பிரசங்கத்தில் தப்பில்லை. புற்றை உண்டாக்கும் மரபணுப் பழுதுகளில் பெரும்பாலானவை நாம் பிறந்த பிறகு உடம்பில் எங்கோ ஒரு செல்லில் ஏற்படுபவை. புகையிலையால், வெயிலால், வயதாவதால், சில சமயம் ஒரு காரணமும் இல்லாமல். கொஞ்சம் பேருக்கு மட்டும் ஒரு பழுது பெற்றவர்களிடமிருந்து பிறக்கும்போதே கூட வருகிறது. பாடப் புத்தகத்தில் இது எனக்குத் தெரியும். எதிரே வந்து உட்கார்ந்தபோது தெரியவில்லை.

மலையில் யாரும் டாக்டரிடம் தனியாக வர மாட்டார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் ஜீப் நிறைய ஆள் வரும். எங்கே வலிக்கிறது என்று நோயாளியைக் கேட்டால் மாமனார் பதில் சொல்வார், மச்சான் அதைத் திருத்துவார், ஜீப் டிரைவர் ஒரு மாத்திரையின் பேரைச் சிபாரிசு செய்வார். நோயாளிக்குப் பேச வாய்ப்புக் கிடைத்தால் அது அவர் செய்த புண்ணியம். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்தே இருந்தது. பத்துப் பேர் சேர்ந்து பதில் சொன்னால் அது பத்து மடங்கு உண்மையாக இருக்கும் என்று நினைத்தேன். அட்டையும் சீக்கிரம் நிரம்பியது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் காலை தலைச்சோலை கிராமத்திலிருந்து அப்படி ஒரு ஜீப் வந்தது. சடையன் என்ற விவசாயி, அவன் மனைவி செல்லம்மா, அவர்களுடைய இரண்டு வயதுப் பையன் குமார். கூடவே சொந்தக்காரர்கள். எல்லாருக்கும் முன்னால், செல்லம்மாவின் பிறந்த ஊரான மஞ்சக்குட்டையிலிருந்து வந்து சேர்ந்துகொண்ட அவள் அப்பா. அவர் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. செல்லம்மா களத்தில் காப்பிக்கொட்டையைக் காய வைத்துக்கொண்டிருந்தபோது, சாய்ந்த வெயிலில் பையனின் வலது கண் பூனைக் கண் மாதிரி வெள்ளையாக மின்னியதைப் பார்த்திருக்கிறாள். நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். விழித்திரையில் வரும் புற்று. சின்னக் குழந்தைகளுக்கு வருவது. கண்ணை எடுத்தால் உயிர் தப்பும், தாமதித்தால் உயிரும் போகும்.

அது குடும்பத்தில் வரக்கூடிய நோய் என்பது ஞாபகம் இருந்தது. ஆகவே அத்தனை பேரையும் நிற்க வைத்துக்கொண்டு, இரண்டு பக்கத்திலும் யாருக்காவது இப்படிக் கண் கெட்டதுண்டா என்று கேட்டேன். எனக்கு நேர் எதிரே சடையன் மட்டும் பையனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இடது கண் கிடையாது. குழியில் சுருங்கிப்போன ஏதோ ஒன்று இருந்தது. நான் அவன் முகத்தைப் பார்ப்பதற்குள் மாமனார் பதில் சொல்லிவிட்டார்.

“ரெண்டு ஊட்டுலயும் அப்பிடி ஒண்ணும் கெடையாதுங்க, டாக்டரம்மா. மாப்பிள்ளைக்குச் சின்ன வயசுல காப்பிச் செடி கவாத்து பண்றப்ப குச்சி குத்திப்போடுச்சு.”

கூட்டம் தலையாட்டியது. ‘தந்தையின் கண்: காயம். குடும்ப வரலாறு: இல்லை’ என்று எழுதினேன். கையெழுத்து அழகாக இருந்தது.

பையனை மலைக்குக் கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். வலது கண்ணை எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டான். குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று அவர்கள் கடிதம் எழுதிக் கேட்டார்கள். இல்லவே இல்லை என்று நான் பதில் எழுதினேன். அந்த ‘இல்லவே’ என்னுடைய சொந்தச் சரக்கு. அப்படியானால் இது பையனின் கண்ணில் மட்டும் தற்செயலாக ஏற்பட்ட பழுதுதான், அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு என்று அவர்கள் எழுதினார்கள். நான் கொடுத்த தவற்றைக் கணக்காக என்னிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை.

இரண்டு மாதம் கழித்து செல்லம்மா பஸ் பிடித்துத் தனியாக வந்தாள். அந்த மலையில் நான் வேலை பார்த்த காலத்தில் தனியாக வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்படி வந்தவள் சொல்வதையாவது நான் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். இனிமேல் குழந்தை வேண்டாம், ஆபரேஷன் பண்ணிவிடுங்கள் என்றாள். ஏன் என்று கேட்டேன்.

“எங்க ஊட்டுக்காரர் கண்ணையும் இவங் கண்ணையும் சேத்துப் பாத்தா எனக்கு நொம்ப பயமா இருக்குதுங்க.”

நான் சிரித்தேன். காப்பிக் குச்சி குத்தினது வாரிசுக்கு வருமா என்று கேட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். அவளால் படிக்க முடியாத இங்கிலீஷில் அது இருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. பயப்படாமல் இன்னொரு குழந்தை பெற்றுக்கொள் என்று முதுகில் தட்டி அனுப்பினேன். படிப்பில்லாத பெண்ணின் மூடநம்பிக்கையைப் போக்கிவிட்ட திருப்தியில் அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

அடுத்த வருஷம் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது, எங்கள் ஆஸ்பத்திரியிலேயே.

குழந்தைக்கு மூன்று வாரம் ஆனபோது எங்கள் அட்டை அலமாரியைக் கரையான் பிடித்தது. அட்டைகளைப் பார்த்துக்கொண்டவர் பூங்காவனம் அம்மா. ஆயாவாகச் சேர்ந்து, எழுதப் படிக்க நன்றாகத் தெரிந்ததால் அட்டைக்கு மாறியவர். கரையான் தின்றது போக மிச்சத்தைக் குடும்ப வாரியாக அடுக்கிப் புது அட்டையில் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு நாள் மூன்று அட்டைகளைக் கொண்டுவந்து என் மேஜையில் வரிசையாக வைத்தார்.

மூன்றும் தலைச்சோலை சடையன் வீட்டு அட்டைகள். முதலாவது, அவன் கல்யாணத்துக்கு முன்னால் காய்ச்சலோடு வந்தது. அவன் சித்தப்பா சொல்லி நான் எழுதியிருந்தேன்: இடது கண், சிறு வயதில் ஆரஞ்சு முள். இரண்டாவது, காலில் வெட்டுக் காயத்தோடு வந்தது. ஒரு பங்காளி சொல்லி எழுதியிருந்தேன்: இடது கண், மாடு முட்டியது. மூன்றாவது குமாருடையது. காப்பிக் குச்சி. மூன்றும் என் கையெழுத்து.

“ஏனுங்க டாக்டரம்மா,” என்றார் பூங்காவனம், “ஒரு கண்ணுக்கு எத்தன தடவைங்க விபத்து நடக்கும்?”

உங்களுக்கு நல்ல உதாரணமாக இருக்க வேண்டும் என்பதற்காக, அவருக்கு உடனே நன்றி சொன்னேன் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. உங்கள் வேலை அட்டை எழுதுவது, வைத்தியம் பார்ப்பதில்லை என்று கத்தினேன். அவர் போய்விட்டார், அட்டைகளை மட்டும் எடுத்துப் போகவில்லை. அவை என்னைப் பார்த்தபடி கிடந்தன. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்பார்கள். நான் அலையக்கூட இல்லை, நெய்யே கிடையாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். சடையனுக்கு வந்தது நோய் என்றால், மூன்று வாரக் குழந்தையின் இரண்டு கண்ணும் ஆபத்தில் இருந்தன. கட்டி கடுகளவு இருக்கும்போது கண்டுபிடித்தால் கண்ணை எடுக்காமலே பொசுக்கி அழிக்கலாம். பூனைக் கண்ணாக மின்னும் வரை காத்திருந்தால் குமார் கதைதான்.

அவர்களை வரச் சொன்னால் ஜீப் நிறைய வந்து நாலாவதாக ஒரு விபத்தைச் சொல்வார்கள். ஆகவே நானே தலைச்சோலைக்குப் போனேன். பச்சைக் குழந்தைகளை எடை பார்க்க வந்ததாக ஊரில் சொல்லிவிட்டு, சடையனை வளர்த்த அவன் அக்கா லட்சுமியைத் தேடிப் போனேன். தோட்டத்தில் தனியாகப் பழம் பறித்துக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டேன். அவரும் சுற்றி வளைக்கவில்லை. ஒன்றரை வயதில் தம்பியின் கண் வெள்ளையாக மின்னியது, பிறகு சிவந்து வீங்கியது, மாதக்கணக்கில் கதறினான், பிழைக்க மாட்டான் என்று நினைத்தார்கள், அப்புறம் கண் தானாகவே சுருங்கி அடங்கிவிட்டது. அபூர்வமாக அப்படி நடப்பதுண்டு. சாமி ஒரு கண்ணை வாங்கிக்கொண்டு அவன் உயிரை விட்டுவைத்தது என்று பொங்கல் வைத்திருக்கிறார்கள்.

நோய் என்று தெரிந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள், அதனால்தான் விபத்து. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். இவர்கள் மூன்றே பொய்யில் முடித்திருந்தார்கள். மூன்று எதற்கு என்று கேட்டதும் லட்சுமிக்குக் கோபம் வந்துவிட்டது.

“குச்சின்னுதானுங்க பேசி வெச்சிருந்தோம். பாழாப்போனவனுங்க ஆளுக்கொண்ணாச் சொல்லிப்போட்டானுங்க.” பழக்கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். “ஏனுங்க, நீங்களும் படிச்சவங்கதானுங்களே. சம்பந்தி ஊட்டுக்காரர நிக்க வெச்சுக்கிட்டுக் கேட்டா எவனுங்க நெசத்தச் சொல்லுவான்?”

மருத்துவக் கல்லூரியில் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பழம் பறிக்கிற அம்மா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

பிறகு அவர் கெஞ்ச ஆரம்பித்தார். மஞ்சக்குட்டைக்காரர்களுக்குத் தெரிந்தால் பெண்ணையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள், தம்பி நாசமாகிவிடுவான். இந்த இடத்தில் எனக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. அண்ணனுக்கு வந்ததால் தங்கைக்கும் ஒரு தரம் பார்த்துவிடுவோம் என்று பொய் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் இது ஒரு தரத்தோடு முடிகிற காரியமில்லை. சில வாரங்களுக்கு ஒரு முறை, பிறகு சில மாதங்களுக்கு ஒரு முறை, மயக்கம் கொடுத்துக் கண்ணுக்குள் பார்க்க வேண்டும். வருஷக்கணக்கில். காரணம் தெரியாத எந்த விவசாயியும் அறுவடையை விட்டுவிட்டு அத்தனை தடவை மலையிறங்க மாட்டான். தவிரவும், அந்தக் குடும்பத்தில் இருந்த பொய்களே எனக்குப் போதுமாக இருந்தன. இது சடையனின் கண், அவனிடமே பேசிக்கொள்கிறேன் என்று லட்சுமியிடம் சொன்னேன்.

மேல் தோட்டத்தில் அவன் தனியாகத்தான் இருந்தான். அங்கே எனக்கு இன்னொரு அடி விழுந்தது. அவனுக்கே உண்மை தெரியாது. குச்சி குத்தியது ஞாபகமிருக்கிறது என்றான். எந்தச் செடி என்று காட்டினான். குச்சியின் நீளத்தைக் கையால் அளந்து காட்டினான். முள், மாடு என்று மற்றவர்கள் சொன்ன நாட்களில் வழக்கம்போல அவனை யாரும் பேச விட்டிருக்கவில்லை. ஊரே சேர்ந்து ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தால் கண்ணைப் பறிகொடுத்தவனுக்கே அது வலியோடு ஞாபகம் வந்துவிடுகிறது. நான் அக்கா சொன்னதைச் சொன்னேன். காட்டிய அந்தச் செடியைத் திரும்பிப் பார்த்தான்.

“அப்ப எம் பையங் கண்ணு போனது என்னாலதானுங்களா?”

இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். அதற்கு உங்கள் கருவி பதில் அச்சடித்துத் தராது. நான் ஜீப்பை வைத்துச் சொன்னேன். ஒரு ஜீப்புக்குக் கால் பிரேக், கை பிரேக் என்று இரண்டு. உடம்பில் ஒவ்வொரு செல்லிலும் அதே மாதிரி இரண்டு. மற்றவர்களுக்கு ஒரே செல்லில் இரண்டும் தற்செயலாகப் பழுதானால்தான் இந்தப் புற்று வரும், அது மிக அபூர்வம். உன் உடம்பில் எல்லா ஜீப்பும் ஒரு பிரேக் இல்லாமலேயே பட்டறையிலிருந்து வந்துவிட்டன. மிச்சமிருக்கும் ஒன்று எங்காவது ஒரு செல்லில் போனால் போதும், வண்டி உருண்டுவிடும். பிரேக்கைக் கழற்றியது நீயில்லை. உன் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது போயிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நிலத்தில் பெண்ணுக்குப் பங்கு கொடுக்காத வீட்டிலும் இந்தச் சொத்து மட்டும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமபங்காகப் போகிறது என்றேன். அவன் சிரிக்கவில்லை. ஏற்காட்டு வளைவுகளில் பிரேக் இல்லாத ஜீப் என்னவாகும் என்று அவனுக்குத் தெரியும்.

யாரிடம் எப்படிச் சொல்வது என்று அவனே முடிவு செய்யட்டும், ஆனால் நாலு நாளைக்குள் குழந்தை கீழே போக வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் காலையே ஜீப் வந்தது. நிறைய ஆள். மாமனார் முன்சீட்டில். சடையன் இறங்கி, என்னிடம்கூடச் சொல்லாமல், அவர் எதிரே போய் நின்றான்.

“மாமா, எங் கண்ணுல குச்சி குத்தலைங்க. அது நோவு. குமாருக்கு வந்ததும் அதேதான். பாப்பாவுக்கும் இருக்கலாமுங்களாம்.”

அந்த மனிதர் மாப்பிள்ளையைப் பார்த்தார், மகளின் மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தார், டிரைவரிடம் திரும்பினார். “சேலத்துக்கு டீசல் இருக்குதா?” என்று கேட்டார். சண்டை நடந்தது. கொஞ்ச நாள் இரண்டு ஊரும் பேசிக்கொள்ளவில்லை, சித்தப்பா ஒருவர் அடி வாங்கினார் என்றும் கேள்விப்பட்டேன். அதெல்லாம் குழந்தை போய்விட்டு வந்த பிறகு. பெண்ணைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போகும் பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

ஜீப் கிளம்பும்போது செல்லம்மா என்னைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

“நான் தனியா வந்து சொன்னனுங்களே, டாக்டரம்மா. நீங்க சிரிச்சீங்க.”

இந்தத் தடவை உண்மையை எழுதிய கடிதத்தை அவள் கையில் கொடுத்தேன். வேறென்ன செய்வது.

குழந்தைக்கு இரண்டு கண்ணிலும் இருந்தது. சின்னச் சின்னப் புள்ளிகளாக, நல்லவேளை ஓரத்தில். ஒளியால் பொசுக்கியும் குளிரால் உறைய வைத்தும் அழித்தார்கள். புதிதாகப் புள்ளி வர வர மறுபடியும் பொசுக்கினார்கள். குமாரின் மிச்சமிருந்த கண்ணையும் கூடவே பார்த்துவந்தார்கள், அதில் ஒன்றும் வரவில்லை. சடையனும் செல்லம்மாவும் ஐந்தாறு வருஷம் மலையேறி இறங்கினார்கள். ஒரு தடவையும் தவறவில்லை. பூங்காவனம் அம்மா குழந்தையின் அட்டையில் குடும்ப வரலாறு என்ற இடத்தைக் காலியாக விட்டுக் கொண்டுவந்து, உங்கள் கையாலேயே எழுதுங்கள் என்றார். எழுதினேன். அதன் பிறகு குடும்ப வரலாறு கேட்பதென்றால் நோயாளியைத் தவிர எல்லாரையும் வெளியே அனுப்பும் வழக்கம் எனக்கு வந்தது. மலை முழுக்க என்னைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். அதில் புதிதாக ஒன்றுமில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், நான் ஓய்வு பெறப்போகும் சமயம், அந்தப் பெண் ஒரு படிப்பில் சேரக் கண் சான்றிதழ் வாங்க வந்தாள். கவிதா என்று பேர். ஜீப் நிறைய ஆள். ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்தாள். சந்தோஷ நாள் என்று கூட்டத்தை உள்ளேயே இருக்க விட்டுவிட்டேன். இத்தனை பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை.

அட்டையைப் பார்த்து, இவளுக்கு அப்பாவின் விஷயம் தெரியுமா, நாளைக்கு இவள் பிள்ளைகளையும் பிறந்த உடனே பார்க்க வேண்டுமே என்று ஆரம்பித்தேன். அவள் தாத்தா, அந்தப் பழைய மாமனார், குறுக்கிட்டார். குரல் அப்படியே இருந்தது.

“அதெல்லாம் இப்ப எதுக்குங்க. நாளைக்கு மாப்பிள்ளை பாக்கோணும். அண்ணங்காரன் கண்ணக் கேட்டா பட்டாசு வெடிச்சுதுன்னு சொல்லிக்கலாமுங்க.”

கூட்டம் தலையாட்டியது. பட்டாசு நல்ல யோசனை என்றார் ஒருவர்.

செல்லம்மா எழுந்தாள். அப்பாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள், மற்றவர்களும் பின்னால் போனார்கள். திரும்பி வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். என் எதிரே உட்கார்ந்தாள்.

“டாக்டரம்மா, அன்னைக்கு நீங்க சரியாச் சொல்லியிருந்தா இவளே இல்லீங்க. அதனால உங்கள வையவும் முடியல, மன்னிக்கவும் முடியல. அது கெடக்குது.” மகளின் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினாள். “இப்பச் சொல்லுங்க. அவகிட்டயே சொல்லுங்க.”